நீர் வந்த வழியே ஒரு நாள் நடை

குருநாகலிலிருந்து தம்புள்ளை ஊடாகத் திருகோணமலைக்குச் செல்லும் நெடுஞ்சாலையில் கலேவெல நகரம் இருக்கிறது. பேருந்தில் இவ்வழியாகப் போனவர்கள் ஆயிரக்கணக்கில் இருப்பார்கள். அவர்களில் பெரும்பாலோருக்கு கலேவெல என்பது தேநீர் குடிக்கச் சற்று நேரம் நின்ற ஓர் இடம் மாத்திரமே. இங்கு குடியேறி வாழும் எம்மவர் சிலருக்குங்கூட, இது வேறு யாரோ ஒருவருடைய ஊர். தமக்கு இங்கே வரலாறு எதுவும் இல்லை என்ற எண்ணமே இருக்கிறது.

சொந்தக் கமத்தை விட்டு வந்தவர்களுக்கு இவ்வெண்ணம் எழுவது இயல்பு. போரினால் வன்னியிலிருந்தும் மன்னாரிலிருந்தும் வந்தோர், 1990 ஒக்டோபரில் வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்ட முஸ்லிம் குடும்பங்கள், 1983 வன்செயலின்பின் தோட்டங்களையும் கடைகளையும் விட்டோடியோர், நீர்த்தேக்கங்களுக்காக வயலைப் பறிகொடுத்தோர் என இந்நாட்டில் இடம்பெயர்ந்த கமக்காரர்கள் பல திசையினர். இவர்கள் எல்லோருக்கும் பொதுவான ஒன்று உண்டு. குளத்தையும் வாய்க்காலையும் பார்த்தால், மற்றவர்கள் காணாத பலவற்றை இவர்களின் கண் கண்டுகொள்ளும். அந்தக் கண்ணைப் பயன்படுத்தி இப்பகுதியின் வரலாற்றை நடந்தே வாசிக்கலாம் என்பதைச் சொல்லவே இக்கட்டுரை.

இங்கிலாந்தில் மக்கள் விடுமுறைக்காகக் கால்வாய்ப் படகுகளை வாடகைக்கு எடுப்பார்கள். நடந்து போகும் வேகத்தில் படகு ஊர்ந்து செல்லும். பிடித்த இடத்தில் படகைக் கரையில் கட்டிவிட்டு, அயலிலுள்ள பழைய பாலம், ஆலை, கிராமம் என்று பகல் முழுவதும் சுற்றிப் பார்த்து, அந்த மண்ணின் கதையைத் தெரிந்துகொண்டு திரும்புவார்கள். அக்கால்வாய்கள் பொழுதுபோக்குக்காக வெட்டப்பட்டவை அல்ல. 18ஆம் நூற்றாண்டில் நிலக்கரியும் மாவும் ஏற்றவே அவை வெட்டப்பட்டன. புகையிரதம் வந்தபின் பல கால்வாய்கள் தூர்ந்து போயின. பின்னர் ஊர் மக்களே சேற்றில் இறங்கிச் சிலவற்றை மீட்டெடுத்தார்கள். கென்னற் – ஏவன் கால்வாய் இப்படிப் பல ஆண்டு உழைப்பின்பின் 1990இல் மீண்டும் முழுமையாகத் திறக்கப்பட்டது.

எமது நாட்டிலும் நீர்கொழும்பு வழியாகப் புத்தளம் நோக்கிச் செல்லும் ஒல்லாந்தர் காலப் படகுக் கால்வாய் உண்டு. ஆனால் கலேவெலயின் அயலில் இருப்பவை சோறு போடும் வாய்க்கால்கள். அவற்றைப் பார்க்கப் படகு தேவையில்லை. கரை நெடுகிலும் நடந்தால் போதும்.

எங்கே போவது?

கலேவெலக்கு வடக்கே, அநுராதபுர மாவட்ட எல்லைக்குள் கலாவெவ இருக்கிறது. தம்புளு ஓயாவும் மிரிஸ்கொனி ஓயாவும் கொண்டுவரும் நீரைத் தடுத்து நிற்கும் பெருங்குளம் அது. மாகோ – மட்டக்களப்பு புகையிரதப் பாதையில் அவுக்கன, கலாவெவ என இரண்டு நிலையங்கள் இருப்பதால், தூரத்திலிருந்து வருபவர்களும் இலகுவாக இறங்கலாம். கலேவெலயிலிருந்து விடியற்காலையில் புறப்பட்டால், வெயில் ஏறுமுன் குளக்கட்டில் நிற்கலாம். மாலை நான்கு மணிக்குமுன் திரும்பிவிட வேண்டும். வரட்சிக் காலத்தில் நீர் வற்றிய அலைகரையில் முளைக்கும் புல்லுக்கு யானைகள் கூட்டமாக வருகின்றன. கட்டில் யானை ஏறினால் அன்றைய நடை அத்துடன் முடிந்தது என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

போகும் வழியிலேயே ஒரு செய்தியை மனதில் வைத்துக்கொள்வது நல்லது. பழைய சிங்கள அரசில், குளம் கட்டுவதும் வாய்க்கால் துப்புரவு செய்வதும் இராஜகாரியம் என்ற கட்டாய ஊழியத்தின் பகுதியாக இருந்தன. பிரித்தானிய ஆட்சி 1832இல் இராஜகாரியத்தை ஒழித்தது. கட்டாய ஊழியம் ஒழிந்தது நல்லதே. ஆனால் குளத்தைப் பராமரிக்க வேறு ஒழுங்கு எதுவும் அதனிடத்தில் வரவில்லை. பல ஊர்களில் குளக்கட்டு உடைந்தால் உடைந்ததுதான். 1848இல் அதே அரசு, 18 வயதுக்கும் 55 வயதுக்கும் இடைப்பட்ட ஆண்கள் ஆண்டுக்கு 6 நாட்கள் வீதி வேலை செய்யவேண்டும், இல்லையேல் பணம் கட்டவேண்டும் என்று சட்டம் கொண்டுவந்தது. குளத்துக்கு உழைப்பது நின்றது. பெருந்தோட்டங்களின் கோப்பியை ஏற்றிச் செல்லும் வீதிகளுக்கு உழைப்பது தொடங்கியது. இச்சட்டமும் அதனோடு வந்த வேறு வரிகளும் மாத்தளை மக்களைக் கிளர்ந்தெழச் செய்தன. அவ்வாண்டு யூலையில் தம்புள்ளை விகாரையில் கொங்காலேகொட பண்டா அரசனாக முடிசூட்டப்பட்டார். ஓகஸ்ட் மாதத்தில் புரான் அப்பு கண்டியில் சுட்டுக் கொல்லப்பட்டார். நாம் இன்று பேருந்தில் செல்லும் சாலைகளுக்கும் இவ்வாறு ஒரு விலை கொடுக்கப்பட்டிருக்கிறது.

குளக்கட்டில்

கலாவெவயின் கட்டில் ஏறியதும் முதலில் பேச்சு நின்றுவிடும். ஒரு பக்கம் கண்ணுக்கெட்டிய தூரம் நீர், மறுபக்கம் வயல். கட்டு சில மைல் நீளமானது. இதைக் கட்டியவன் 5ஆம் நூற்றாண்டில் அநுராதபுரத்தை ஆண்ட தாதுசேனன். அயலிலுள்ள பலலுவெவயும் இதனோடு இணைந்து இன்று ஒரே நீர்ப்பரப்பாக நிற்கிறது.

தாதுசேனனின் முடிவைப் பற்றிச் சூளவம்சம் சொல்வதைப் பலர் கேட்டிருப்பீர்கள். மகன் காசியப்பன் ஆட்சியைக் கைப்பற்றித் தந்தையைச் சிறையிட்டான். செல்வத்தை எங்கே ஒளித்திருக்கிறாய் என்று அவன் கேட்க, முதிய அரசன் தன்னைக் கலாவெவக்கு அழைத்துச் செல்லச் சொன்னான். குளத்தில் நீராடி, நீரைக் கையால் காட்டி, தனது செல்வம் முழுவதும் இதுதான் என்றான். அதன்பின் கொல்லப்பட்டான். இக்கதையைப் பள்ளிப் புத்தகங்களும் மேடைகளும் எடுத்துச் சொல்லும்.

அதே நூல் சொல்லும் இன்னொரு செய்தியை மேடைகளில் கேட்பது அரிது. இக்குளம் கட்டப்பட்டபோது, அணை வரவேண்டிய இடத்தில் ஒரு துறவி தியானத்தில் ஆழ்ந்திருந்தார். அவரை எழுப்ப முடியவில்லை. அரசன் அவர்மேல் மண்ணைக் கொட்டச் செய்தான். அரசனின் கொடிய முடிவுக்கு இச்செயலே காரணம் என்று நூலாசிரியர் காட்டுகிறார்.

இது நடந்ததா, பின்னர் கட்டப்பட்ட கதையா என்று வாதிடுவதைவிட, அரசனைப் போற்றும் நூல் ஒன்று இதை எழுதி வைத்திருக்கிறது என்பதைக் கவனிக்கவேண்டும். அணை எவ்வளவு பெரிய நன்மையாக இருந்தாலும், அதன் மண் யாரோ ஒருவருடைய தலையில் விழுந்திருந்தால், அதை மறைக்கக்கூடாது என்ற அறவுணர்வு அக்காலத்திலேயே இருந்திருக்கிறது. நீர்த்தேக்கத்துக்காக வீட்டை விட்டவர்களும், போரில் வயலை விட்டவர்களும் இக்கட்டில் நிற்கும்போது இச்செய்தியை அறிந்திருப்பது நல்லது.

கட்டிலே நடக்கும்போது துரிசுகளைப் பாருங்கள். ஆழமான குளத்தின் அடியிலிருந்து வரும் நீர் அசுர வேகத்தோடு வரும். அதை அப்படியே விட்டால் கட்டை அரித்துவிடும். அதைத் தணிக்க, கட்டினுள்ளே கல்லால் சதுரக் கிணறு போன்ற ஒன்றைப் பண்டைக் காலத்தவர் அமைத்தார்கள். சிங்களத்தில் அதற்கு பிசோகொட்டுவ என்று பெயர். 19ஆம் நூற்றாண்டில் நீர்ப்பாசனப் பொறியியலாளராக இங்கு பணிபுரிந்த ஹென்றி பார்க்கர், இந்நாட்டின் பழைய குளங்களில் இவ்வமைப்பைப் பார்த்து வியந்து, ஐரோப்பியர் பின்னாளில் கண்டறிந்த வால்வுக் கிணற்றின் முன்னோடி இது என்று எழுதினார்.

குளம் நிரம்பி மேலதிக நீர் வழிவதைச் சிங்கள விவசாயி 'வான்' போடுகிறது என்கிறார். முல்லைத்தீவுக் கமக்காரர் 'வான்' பாய்கிறது என்கிறார். குளக்கட்டில் நிற்கும் இருவரும் ஒரே சொல்லைத்தான் சொல்கிறார்கள். எம் குழுவில் வந்த வன்னித் தாய் ஒருவர், வழியில் சந்தித்த முதிய விவசாயியோடு இச்சொல்லைப் பிடித்துக்கொண்டே அரை மணி நேரம் பேசினார். இருவருக்கும் மற்றவரின் மொழி அரைகுறைதான். ஆனால் துரிசு எத்தனை, முறை யார் வைப்பது, வாய்க்கால் கடைசியில் உள்ளவனுக்குத் தண்ணீர் போகுமா என்று கேள்விகள் ஒன்றன்பின் ஒன்றாக வந்தன. மொழிபெயர்க்க நான் தேவைப்படவில்லை.

அந்த முதியவர் விளக்கிய ஒரு வழக்கம் எமது குழுவினரை மிகவும் கவர்ந்தது. பெத்ம என்பது அதன் பெயர். மழை பொய்த்து, குளத்தில் உள்ள நீர் எல்லா வயலுக்கும் போதாது என்று தெரிந்தால், குளத்துக்குக் கிட்டவுள்ள வயலை மாத்திரம் அந்தப் போகத்தில் விதைப்பார்கள். அவ்வயலைச் சொந்தக்காரர் மட்டும் செய்யாமல், பங்குள்ள எல்லோருக்கும் அப்போகத்துக்கு மட்டும் பிரித்துக் கொடுப்பார்கள். வாய்க்காலின் கடைசியில் காணி உள்ளவனும் பட்டினி கிடக்கமாட்டான். அடுத்த போகத்தில் அவரவர் தம் காணிக்குத் திரும்புவர். பழைய கிராமக் குளங்களில் இருந்த இம்முறையை, மகாவலி குடியேற்றப் பகுதிகளிலும் வரண்ட சிறுபோகங்களில் கையாண்டிருக்கிறார்கள். நீர் குறையும்போது காணி எல்லையைத் தற்காலிகமாகத் தளர்த்துவது என்ற இத்தீர்மானத்தை எந்த அரசனும் விதிக்கவில்லை. கமக்காரர் தாமே கூடி எடுத்தார்கள்.

ஜயகங்கைக் கரையில்

கட்டிலிருந்து புறப்பட்டு வடக்கே அநுராதபுரத்தின் திஸ்ஸவெவ வரை ஒரு கால்வாய் செல்கிறது. ஜயகங்கை என்பது அதன் பழைய பெயர். யோத எல, அதாவது அரக்கன் வாய்க்கால் என்பது மக்கள் வழங்கும் பெயர். நீளம் சுமார் 54 மைல், அதாவது 87 கிலோமீற்றர். எமது ஒரு நாள் நடையில் அதன் முதல் இரண்டு மூன்று மைலைத்தான் பார்க்க முடியும். அதுவே போதுமானது.

இங்கே ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். இக்கால்வாயின் முதல் 17 மைலில் மைலுக்கு 6 அங்குலம் வீதமே இறக்கம் இருக்கிறது. ஒரு மைல் தூரத்துக்கு ஒரு சாண் இறக்கங்கூட இல்லை. 17 மைலுக்கும் சேர்த்து மொத்தம் எட்டரை அடி. ஒரு வீட்டுச் சுவரின் உயரம். வரம்பு கட்டி வயலை மட்டப்படுத்தியவருக்கு இதன் அருமை தெரியும். ஒரு பரப்புக் காணியிலேயே நீர் ஒரு மூலையில் தேங்கி மறுமூலை காய்வதைப் பார்த்தவர்கள் நாம். காடும் மேடும் பள்ளமுமான நிலத்தில் 17 மைலுக்கு இந்த இறக்கத்தைப் பிசகாமல் வைத்தவர்கள் மண்ணை உள்ளங்கை போல் அறிந்தவர்களாகவே இருந்திருப்பார்கள். அரசனின் பெயர் நூலில் இருக்கிறது. மட்டம் பார்த்தவன், மண் சுமந்தவள் ஆகியோரின் பெயர் எந்த நூலிலும் இல்லை. இக்கரையில் நடப்பதுதான் அவர்களுடைய கையெழுத்தை வாசிக்கும் வழி.

இன்னொன்றையும் கவனியுங்கள். பழைய ஜயகங்கைக்கு ஒரே ஒரு கரைதான். பள்ளமான பக்கத்தில் மாத்திரம் கரை கட்டியிருக்கிறார்கள். மேட்டுப் பக்கம் திறந்தே கிடக்கிறது. மழை பெய்தால் மேட்டிலிருந்து ஓடிவரும் வெள்ளம் தானாகவே கால்வாயில் சேரும். நிலம் உள்வாங்கும் இடங்களில் நீர் விரிந்து சிறு குளம்போல் நிற்கும். அங்கே மாடு நீர் குடிக்கும், மீன் பெருகும், கிணறுகளில் ஊற்று ஏறும். நீரைக் கொண்டு செல்வதோடு, போகும் வழியெல்லாம் நிலத்தை நனைத்துக்கொண்டும் செல்லும் வாய்க்கால் இது. நிலத்தின் மட்டத்தைத் தழுவியபடி வளைந்து வளைந்து போவதும் இதனாலேதான்.

இங்கிலாந்தில் ஜேம்ஸ் பிரின்ட்லி திட்டமிட்ட ஒக்ஸ்போர்ட் கால்வாயும் 1790இல் முடிவடைந்தபோது இப்படித்தான் மேட்டின் விளிம்பைப் பிடித்து வளைந்து சென்றது. நேரம் வீணாகிறது என்று 1830களில் அதன் வடபகுதியை நேராக்கினார்கள். ஜயகங்கைக்கும் இதேபோல் ஒரு காலம் வந்தது. 1970களின் பிற்பகுதியில் மகாவலித் திட்டத்தின் எச் வலயம் உருவாக்கப்பட்டபோது, கலாவெவயிலிருந்து புதிய இடதுகரை, வலதுகரைப் பிரதான வாய்க்கால்கள் வெட்டப்பட்டன. யோத எலயும் புதிய தேவைக்கேற்ப மாற்றியமைக்கப்பட்டது. புதிய வாய்க்காலில் நீர் விரைவாக வயலுக்குப் போகிறது. அளந்து கொடுக்கவும் முடிகிறது. ஆனால் வளைந்து சென்ற பழைய வாய்க்காலை நம்பியிருந்த சிறு குளங்களும் மேய்ச்சல் நிலங்களும் அத்திட்ட வரைபடத்தில் பெரிதாகக் கணக்கில் எடுக்கப்படவில்லை. இரண்டில் எது சிறந்தது என்று பொறியியலாளர் மத்தியில் இன்றும் வாதம் உண்டு. வடமத்திய பகுதியின் தொடர் குளங்களை அண்டிய விவசாய முறையை 2017இல் ஐக்கிய நாடுகளின் உணவு விவசாய அமைப்பு உலகின் பாதுகாக்கத்தக்க விவசாய மரபுகளில் ஒன்றாக ஏற்றுக்கொண்டது.

திஸ்ஸவெவயோடு இந்த நீரின் கதை முடிவதில்லை. அநுராதபுரத்துக் குளங்களினதும் வயல்களினதும் கழிவு நீர் மல்வத்து ஓயாவில் விழுகிறது. மன்னார்க் கமக்காரர் அருவியாறு என்று அழைப்பது இந்த ஆற்றைத்தான். தேக்கம் அணையில் அது திருப்பப்பட்டுக் கட்டுக்கரைக் குளத்துக்கு வருகிறது. எம் குழுவில் மன்னாரிலிருந்து இடம்பெயர்ந்த இளைஞர் சிலர் இருந்தார்கள். தாம் அந்நியமாக நினைத்திருந்த இந்தக் கரையின் வாய்க்கால், தமது பாட்டனாரின் வயலோடு ஒரே நீர்த்தொடரில் இருக்கிறது என்பதை அறிந்தபோது, அவர்கள் அதைக் கொப்பியில் வரைந்து பார்த்தார்கள்.

கைவிடப்பட்டதும் மீண்டதும்

கலாவெவ தொடர்ந்து 1500 ஆண்டுகள் இயங்கிய குளம் அல்ல. 1215இல் கலிங்க மாகனின் படையெடுப்பின்பின் இராசரட்டை நிலைகுலைந்தது. ஆட்சி சிதைந்ததும், குளங்களைக் கண்காணித்த ஒழுங்கு குலைந்ததும், பின்னர் மலேரியா பரவியதும் சேர்ந்து மக்களைத் தென்மேற்குத் திசையில் இடம்பெயரச் செய்தன. ஆம், அவர்களும் இடம்பெயர்ந்த கமக்காரரே. காலப்போக்கில் கலாவெவயின் கட்டு உடைந்தது. குளத்தின் வயிற்றில் காடு வளர்ந்தது. பல நூற்றாண்டுகளின் பின், 1856இல் வந்த நீர்ப்பாசனச் சட்டம் ஊரவரின் பழைய நீர் வழக்கங்களுக்குச் சட்ட வலுக் கொடுத்தது. 1880களின் பிற்பகுதியில், ஆதர் கோர்டன் ஆளுநராக இருந்த காலத்தில், கலாவெவ திருத்தப்பட்டு மீண்டும் நீர் நிறைந்தது.

திருத்த வந்தவர்கள் புதிதாக ஒன்றைத் தேட வேண்டியிருக்கவில்லை. கட்டின் தடம் இருந்தது. வாய்க்காலின் தடம் இருந்தது. காட்டின் நடுவே எஞ்சியிருந்த சிறு கிராமங்களில், எது யாருடைய பங்கு, தண்ணீர் எந்த ஒழுங்கில் போகவேண்டும் என்ற நினைவும் இருந்தது. இந்த மூன்றும் இருந்தபடியால் கைவிடப்பட்ட குளம் மீண்டது.

மகாவலியின் நீரும் நாலந்தாவின் கல்லும்

இன்று கலாவெவயில் நிற்கும் நீரில் பெரும்பங்கு இந்தப் பகுதியில் பெய்த மழையல்ல. 1976இல் கண்டிக்கு அருகே பொல்கொல்லயில் மகாவலி கங்கை மறிக்கப்பட்டு, சுரங்கம் வழியாக உக்குவெலக்கு வந்து, மின்சாரம் தந்து, சுது கங்கை ஊடாக அம்பன் கங்கையில் சேர்ந்து, போவதென்ன நீர்த்தேக்கத்தை அடைகிறது. அங்கிருந்து மீண்டும் சுரங்கத்தில் புகுந்து லேனதொரவில் வெளிவந்து, தம்புளு ஓயா வழியே கலாவெவக்கு வருகிறது. பொல்கொல்லயிலிருந்து லேனதொர வரை இந்தப் பயணம் பெரும்பாலும் மாத்தளை மாவட்டத்தினூடே நடக்கிறது. ஆகவே கலேவெலயில் வாழ்பவருக்கு இது அயல்வீட்டுக் கதைதான்.

போவதென்ன நீர்த்தேக்கம் கட்டப்பட்டபோது நாலந்தாவில் ஒரு பழைய கற்கோவில் நீரில் மூழ்கும் நிலை வந்தது. நாலந்தா கெடிகே என்பது அதன் பெயர். பௌத்த வழிபாட்டிடமாயினும், பல்லவர் காலத் தென்னிந்தியக் கோவில்களின் அமைப்பில் கட்டப்பட்டது. வயல்களின் நடுவே நின்ற அக்கட்டடத்தை 1970களில் கல் கல்லாகக் கழற்றி, உயரமான இடத்துக்குக் கொண்டுபோய், பழைய ஒழுங்கிலேயே 1980 அளவில் மீண்டும் எழுப்பினார்கள். மாத்தளை – தம்புள்ளை வீதியால் போவோர் இன்றும் அதைப் பார்க்கலாம். இன்னொரு நாளை அதற்கென ஒதுக்குங்கள்.

எந்தக் கல்லின்மேல் எந்தக் கல் இருந்தது, எது எந்தத் திசையைப் பார்த்தது என்பது அறியப்படாமல் இப்பணி நடந்திருக்க முடியாது. மனிதர்களை இடம் மாற்றும்போது இவ்வளவு கவனம் எடுக்கப்படுகிறதா? கொத்மலை, விக்டோரியா நீர்த்தேக்கங்களுக்காக 1980களில் பல்லாயிரம் குடும்பங்கள் தமது ஊரை விட்டன. மகாவலிக் குடியேற்றத்தில் ஒரு குடும்பத்துக்கு இரண்டரை ஏக்கர் வயலும் அரை ஏக்கர் குடியிருப்புக் காணியும் என்பது கணக்கு. யாருக்கு அருகில் யார் குடியிருந்தார்கள், எந்த வாய்க்காலை எந்தச் சொந்தங்கள் சேர்ந்து துப்புரவு செய்தார்கள் என்பது அந்தக் கணக்கில் இல்லை. 2017 சனவரியில் இதே மாத்தளை மாவட்டத்தில் மொரகஹகந்த நீர்த்தேக்கம் நிரப்பப்படத் தொடங்கியது. அடுத்த ஆண்டில் களுகங்கை நீர்த்தேக்கம் நிரப்பப்பட்டபோது பழைய லக்கல நகரம் நீருக்கடியில் போனது. நீர் தேவை என்பதை எந்தக் கமக்காரரும் மறுக்கமாட்டார். ஆனால் ஒரு கோவிலை மாற்றும்போது கல்லின் ஒழுங்கு காக்கப்பட்டதுபோல, ஓர் ஊரை மாற்றும்போது உறவின் ஒழுங்கும் காக்கப்படவேண்டும் என்று கேட்பதற்கு எமக்கு உரிமை உண்டு.

கொப்பியும் பென்சிலும்

இந்த நடையிலிருந்து வீட்டுக்குக் கொண்டுவர வேண்டிய பாடம் ஒன்று உண்டு. கட்டின் தடமும் வாய்க்காலின் தடமும் மண்ணில் எஞ்சும். பங்கின் நினைவும் முறையின் நினைவும் மனிதரிடம் மாத்திரமே எஞ்சும். எமது குடும்பங்களில் அந்நினைவைச் சுமப்பவர்கள் இப்போது 70, 80 வயதினர். முகாமிலும் வாடகை வீட்டிலும் குடியேற்றக் கிராமத்திலும் பிறந்த பிள்ளைகளுக்குத் தங்கள் குளத்தின் பெயர்கூடத் தெரியாமல் போகும் ஆபத்து இருக்கிறது.

ஆகவே ஒரு ஞாயிற்றுக்கிழமைப் பின்னேரம் பெரியவர்களை நடுவில் இருத்தி, பிள்ளைகளின் கையில் கொப்பியைக் கொடுங்கள். கீழ்க்கண்டவற்றைக் கேட்டு எழுதச் சொல்லுங்கள்:

– எமது குளத்தின் பெயர் என்ன? அதற்கு நீர் எங்கிருந்து வந்தது? வான் எந்தப் பக்கம் பாய்ந்தது?

– துரிசு எத்தனை? ஒவ்வொன்றிலிருந்தும் போன வாய்க்காலின் பெயர் என்ன? எந்தத் துண்டை எவர் துப்புரவு செய்தார்?

– வட்டவிதானையாக இருந்தவர்கள் யார்? தண்ணீர் முறை எந்த ஒழுங்கில் சென்றது?

– எமது வயலின் பெயர் என்ன, எத்தனை ஏக்கர்? நான்கு எல்லையிலும் யார் இருந்தார்கள்? எல்லையில் நின்ற மரம் எது?

– பஞ்ச காலத்தில் ஊர் எப்படிப் பங்கிட்டுக்கொண்டது?

பின்பு ஒரு பெரிய தாளில் குளத்தையும் வாய்க்காலையும் வயலையும் வரையச் சொல்லுங்கள். அளவு சரியாக இருக்கவேண்டும் என்பதில்லை. பெரியவர்கள் ஆளுக்கொரு விதமாகச் சொல்வார்கள். அந்த வாக்குவாதமே பல செய்திகளை வெளிக்கொணரும். பெண்களைத் தவறாமல் கேளுங்கள். நாற்று நட்டவர்களும் களை பிடுங்கியவர்களும் அவர்களே. எந்த மூலையில் நீர் தேங்கும் என்பது அவர்களுக்குத்தான் தெரியும்.

இதோடு கையில் உள்ள கடதாசிகளையும் ஒன்றுசேருங்கள்: காணி அனுமதிப்பத்திரம், உறுதி, வரி கட்டிய பற்றுச்சீட்டு. கமநல சேவை நிலையத்தில் விவசாயக் காணி இடாப்பு வைத்திருப்பார்கள். உங்கள் பெயரோ பெற்றோரின் பெயரோ அதில் இருக்கிறதா என்று விசாரியுங்கள். 1935ஆம் ஆண்டுக் காணி அபிவிருத்திச் சட்டத்தின்கீழ் அனுமதிப்பத்திரம் பெற்றவர்கள், பின்னுரித்தாளரைப் பதிவு செய்திருக்கிறார்களா என்று பார்க்கவேண்டும். பதிவு இல்லாதபோது மூத்த ஆண்பிள்ளைக்கு முன்னுரிமை என்று நெடுங்காலம் இருந்த விதி 2022இல் திருத்தப்பட்டது. பெண்பிள்ளைகள் மட்டும் எஞ்சியுள்ள குடும்பங்கள் இதை அறிந்திருப்பது அவசியம். பிரதேச செயலகத்தில் காணி அலுவலரிடம் விபரம் கேட்கலாம்.

வரைந்த படம் தன்னளவில் சட்டப் பத்திரம் ஆகாது. ஆனால் காணி விசாரணையில் எல்லையைத் தெளிவாகச் சொல்லக்கூடியவருக்கும், எதுவும் தெரியாமல் நிற்பவருக்கும் இடையில் பெரும் வேறுபாடு உண்டு. திரும்பிப் போகிறவர்களுக்கு அப்படம் வழிகாட்டும். திரும்பிப் போக முடியாதவர்களுக்கோ, தாம் வெறும் 'அகதி' அல்ல, ஒரு குளத்தின் பங்காளி என்பதை அது நினைவூட்டும். புதிய இடத்தில் கமக்கார அமைப்பின் கூட்டத்தில் எழுந்து பேசும் துணிவும் அந்நினைவிலிருந்தே வருகிறது.

குளத்துக்குப் போகும் நாளைத் தெரிவு செய்யும்போது போகம் முடிந்து வேலை குறைந்த நாளாகப் பாருங்கள். சாப்பாட்டுப் பொதியும் குடிநீரும் தொப்பியும் எடுத்துச் செல்லுங்கள். விகாரைகளுக்குள் போவதாயின் அதற்கேற்ற உடையில் செல்லுங்கள். நடக்க முடிந்த ஒரு பெரியவரையாவது கூட்டிச் செல்லுங்கள். கொப்பியின் முதல் பக்கத்தில் கலாவெவயை வரையட்டும் பிள்ளைகள். இரண்டாம் பக்கத்தை உங்கள் குளத்துக்காக விட்டு வையுங்கள்.